இரண்டு கைக்குப் போட்ட பாட்டு

நேற்றுக் காலை கூரியர்க்காரத் தம்பி வாசலில் நின்று என் மருமகள் பெயரை உரக்கச் சொன்னான். அவள் ஆபீஸ் போயிருந்தாள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். முகத்துக்குப் பூசுகிற என்னவோ சாமான். மாதத்துக்கு நாலு பார்சல் அவள் பெயருக்கு வருகிறது, வீட்டில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். மருமகள் பெயரைச் சொல்லி வாசலில் ஒருவன் கூப்பிடுவது போடியில் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. ராசிங்காபுரத்திலிருந்து கல்யாணமாகிப் போடிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வார இதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், லேகிய விளம்பரத்துக்கும் அதிர்ஷ்ட மோதிர விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டம். ‘புதிய வெளியீடு! ஆசிரியர் உதவியின்றி வீட்டிலிருந்தபடியே ஆர்மோனியம், பியானோ வாசிக்கலாம். இதுவரை யாரும் கேட்டிராத பன்னிரண்டு புத்தம்புதுப் பாடல்கள், சுரக் குறிப்புடன். தபால்காரரிடம் பணம் கட்டி வி.பி.பி.யில் பெறலாம்.’ ஒரு கார்டு வாங்கி என் பெயரையும் விலாசத்தையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்காரர் பெயரைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, முன்கட்டில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பார்சலை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஒம் பேருக்கு என்னத்தா வந்திருக்கு?”

“பாட்டுப் புத்தகம் மாமா.”

“நம்ம வீட்டு வெலாசம் இவனுக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மலைக்குப் போய்விட்டார். குரங்கணிக்கு மேலே எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. காய் எடுக்கிற காலத்தில் அவரும் அவர் அண்ணனும் ஜீப்பில் குரங்கணி வரை போய், அங்கிருந்து நடந்து ஏறினால் வாரக்கணக்கில் இறங்க மாட்டார்கள். கோபமெல்லாம் மலையேறிப் போகும். எங்களுக்கும் மத்தியானங்கள் காலியாகக் கிடைக்கும்.

எங்களுக்கு என்று சொன்னது எனக்கும் வீரலட்சுமி அக்காவுக்கும். அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, சிலமலைக்காரி. கல்யாணச் சீராக அண்டா, குத்துவிளக்கு, கட்டில் என்று எல்லோரும் கொண்டுவருவதோடு ஓர் ஆர்மோனியப் பெட்டியும் கொண்டுவந்தவள். மகள் நன்றாகப் பாடுகிறாளே என்று அவளுடைய அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கியவர் வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, அவருக்கே தெரியாது. பெட்டி ஆறு வருஷமாக ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் துணி போர்த்திக் கிடந்தது. முதல் முதலாகத் துருத்தியை இழுத்து அமுக்கியபோது சத்தத்தோடு ஏலக்காய் வாசமும் வெளியே வந்தது. வெளியூர்க்காரர்கள் போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ‘ஆகா’ என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த வாசமே தெரியாது. எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இனி புத்தகத்தைப் பற்றி. அட்டையில் ஒரு பெண்மணி பியானோ முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரிசை சுரம். மேல் வரிசைக்குப் பக்கத்தில் ‘வலக்கை’ என்றும் கீழ் வரிசைக்குப் பக்கத்தில் ‘இடக்கை’ என்றும் போட்டிருந்தது. நடுப்பக்கத்தில் ச ரி க ம எழுதிய நீளத் தாள் ஒன்று. அதை வெட்டிக் கட்டைகள் மேல் ஒட்ட வேண்டும். சோற்றை மசித்து ஒட்டினோம். மறுநாள் பார்த்தால் எறும்பு மேல் ஸ்தாயியிலிருந்து கீழ் ஸ்தாயி வரை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

பெட்டி முன்னால் நான் உட்கார்ந்து வலக்கையையும் இடக்கையையும் வைத்தேன். காற்றடிக்கக் கை இல்லை. மார்கழி பஜனையில் ஒரே ஆள் ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிப்பதை நாங்கள் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் அச்சில் இரண்டு கை என்று போட்டிருக்கிறதே! அச்சடித்தவருக்குத் தெரியாதா என்பதுதான் எங்கள் எண்ணம். அக்கா எழுந்து வந்து பெட்டிக்கு அந்தப் பக்கம், எனக்கு எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ கட்டையைப் புடி. காத்து நான் போடுறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் துருத்தியை அசைத்துக்கொண்டே பாடுவாள், நான் இரண்டு கையாலும் வாசிப்பேன். பாடுகிறவள் கையிலேயே காற்று இருந்ததால், அவள் மூச்சு வாங்கினால் பெட்டியும் மூச்சு வாங்கும். முருகன் மேல் ஒரு பாட்டு, ஒரு தாலாட்டு, பிரிந்து போனவனைத் திட்டுகிற ஒரு பாட்டு. திட்டுகிற பாட்டை இரண்டு பேரும் கூடுதல் உற்சாகத்தோடு படிப்போம். யாரும் கேட்டிராத பாட்டுகள் என்பதால் சரியா தப்பா என்று சொல்ல ஊரில் ஆளே கிடையாது. இதைவிட நிம்மதியான சங்கீதம் உலகத்தில் உண்டா சொல்லுங்கள்.

சொல்ல ஓர் ஆள் வந்தார். அந்த மார்கழியில் பஜனை முடித்து எங்கள் வீட்டில் காப்பி குடிக்க உட்கார்ந்த ஆர்மோனியப் பெட்டிக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இது கால் பெட்டிக்குப் போட்டது தாயி. கால்ல மிதிச்சா காத்து வரும், ரெண்டு கையும் சும்மா இருக்கும். நம்ம கைப்பெட்டிக்கு இந்தக் கீழ் வரிசையே வேணாம். ஒத்த ஆளு போதும்.”

நாங்கள் மரியாதையாகத் தலையாட்டினோம். அவர் தெருமுனை தாண்டியதும் அக்கா என்னைப் பார்த்தாள்.

“கீழ் வரிசையை விட்டுட்டா நான் எதுக்குடி?”

“அவரு கெடக்காரு. நமக்கு ரெண்டு கைதான்” என்றேன்.

கவனியுங்கள், தப்பு என்று தெரிந்தது அன்றைக்கு. விடாமல் பிடித்துக்கொண்டதும் அன்றைக்குத்தான். புத்தகத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்ததும் அதையும் வரவழைத்தோம்.

பிறகு மாமனார் காலமானார். முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிட்டது. தோட்டத்தைப் பிரித்ததில், காய் உலர்த்துகிற ஸ்டோர் யார் பங்கில் விழுகிறது என்பது தகராறு. இருவரிடமும் ஒரே பத்திரத்தின் இரண்டு நகல்கள். இருவரும் ஒரே வரியை விரலால் தொட்டு, “பத்திரத்துல என்ன போட்டிருக்கோ அதான்” என்பார்கள். ஒரே வரி இரண்டு பேருக்கு எப்படி இரண்டு விதமாகப் பொருள்பட்டது என்பது எனக்கு இன்று வரை புரியவில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. முற்றத்தை இரண்டாகப் பிளந்து, ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் சுவர் எழுந்தது. எங்கள் பக்கத்துக்குத் தெருவைப் பார்த்துப் புது வாசல் வைத்தார்கள். அந்தப் பக்கத்து ஆளோடு இந்தப் பக்கத்து ஆள் பேசக் கூடாது, வாசல் மிதிக்கக் கூடாது என்று இரண்டு ஆண்களும் தனித்தனியே ஒரே உத்தரவைப் போட்டார்கள். அதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

பெட்டி அக்கா பக்கம் போனது, அவள் சீர். புத்தகம் என் பக்கம், என் பெயருக்கு வந்தது. சுவருக்கு அப்பால் அக்கா ஒற்றைக் கையால் தட்டுத்தடுமாறி வாசித்துப் பார்ப்பது கேட்கும். நாலு சுரத்தோடு நிறுத்திவிடுவாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அவள் வீட்டுக்காரர், எனக்குப் பெரியத்தான், மலையில் இருந்தால் அந்த வீட்டில் அவள் குரல் தவிர வேறு குரல் கிடையாது. இப்போது அந்தக் குரலும் இல்லை. எனக்கு இந்தப் பக்கம் சோறு இறங்கவில்லை. தோட்டம் போனாலும் ஸ்டோர் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவள் இல்லாத மத்தியானத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சுவர் எழும்பிய அடுத்த வாரம் மூன்றாம் பாகம் வந்தது. தபால்காரர் என் பெயரைச் சுவருக்கு அப்பாலும் கேட்கும்படி சொன்னார். பிரித்ததும் புது அச்சு மை விரலில் ஒட்டியது. முகத்தைக் கழுவி, வேறு சேலை மாற்றி, புத்தகத்தைக் கையில் எடுத்தேன். பகல் பதினோரு மணி. என் வீட்டுக்காரர் வாசலில்தான் இருந்தார்.

“எங்க கெளம்பிட்ட?”

“வாசிக்கப் போறேன்.”

“அந்த வீட்டுக்கா?”

“பெட்டி அங்கதான இருக்கு?”

“வேணும்னா ஒனக்கு ஒரு பெட்டி வாங்கித் தர்றேன்.”

“காத்து யாரு போடுவா? நீங்க உக்காந்து போடுவீங்களா?”

“பஜனையில ஒத்த ஆளு வாசிக்கல?”

“அது பஜனை. எம் புத்தகத்துல ரெண்டு கை போட்டிருக்கு.”

“போட்டிருந்தா?”

“பத்திரத்துல போட்டிருக்குன்னு நீங்க கோர்ட்டு வரைக்கும் போகலாம். புத்தகத்துல போட்டிருக்குன்னு நான் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாதா?”

நான் படியிறங்கித் தெருவில் நடந்தேன். மொத்தம் பதினாறு அடி தூரம். எதிர்வீட்டுக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன். அடுத்த வாசலில் பெரியத்தான் நின்றிருந்தார். பயம் இல்லாமல் இல்லை, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், திரும்பிக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். உள்ளே அக்கா பெட்டியைத் திறந்து வைத்து, துருத்திப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“வெரசா வர்றதுக்கென்ன?” என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவிர எல்லா நாளும் போனேன். ஞாயிறு எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. “ரெண்டு வீடும் கோர்ட்டுல நிக்குது, இவளுக பாட்டுப் படிக்கிறாளுக” என்று தெருவில் பேசினார்கள். பேசுகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துப் படித்தோம். ஏழெட்டு வருஷம். ஐந்து பாகம், அறுபது பாட்டு. ஐந்தாம் பாகத்தின் பின்னட்டையில் ‘ஆறாம் பாகம் விரைவில்’ என்று இருந்தது. வரவே இல்லை. கார்டு எழுதினேன், பெறுநர் இல்லை என்று திரும்பி வந்தது.

அதற்கு அடுத்த வருஷம் அக்கா காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பது நாள்தான். மதுரைக்குக் கொண்டுபோனதும் பிரயோசனப்படவில்லை. என் வீட்டுக்காரர் மதினியின் காரியத்துக்குத் தெரு வரைக்கும் வந்து நின்றார், வாசல் மிதிக்கவில்லை. அன்றைக்கு நான் அவரைச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

முப்பதாம் நாள் கழித்து ஒரு காலையில் பெரியத்தான் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் பெட்டி. சுவர் வைத்த பிறகு என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

“இந்தா ஆத்தா. நீயே வச்சு வாசி.”

“ஒத்தையில என்னால வாசிக்க முடியாது அத்தான். புத்தகத்துல அப்படிப் போடல.”

“முடியும். சின்ன வயசுல நானும் பஜனையில பெட்டி வாசிச்சவன்தான். ஒத்த ஆளு போதும்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வராமப் போயிருவியே. அவ ஒத்தையில கெடப்பாளே.”

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரியத்தான் எவ்வளவு நல்ல மனுஷன் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன். அவர் விட்டுக்கொடுத்துத்தான் நாங்கள் வாசித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தனை நல்ல மனுஷன் என்றால் சுவரை அல்லவா இடித்திருக்க வேண்டும்? பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். வாசிக்கவில்லை. ஒற்றைக் கையால் வாசிக்க எனக்கு நன்றாகவே தெரியும். மாட்டேன்.

அண்ணனும் தம்பியும் கடைசி வரை பேசாமலேயே போய்ச் சேர்ந்தார்கள். தோட்டம் கைமாறியது, வழக்கு என்ன ஆனது என்று கேட்க இன்று ஒருவருமில்லை. இரண்டு வீட்டையும் சேர்த்து ஓர் ஏலக்காய் வியாபாரிக்கு விற்றோம். சாவி கொடுக்கப் போன காலையில் அவர் முதல் வேலையாக முற்றத்துச் சுவரை இடிக்கச் சொல்லியிருந்தார். இரண்டே ஆள், ஆளுக்கொரு கடப்பாரை. பத்து மணி டீ வருவதற்குள் சுவர் தரையில் கிடந்தது. தூசி அடங்கியதும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அக்காவின் அடுப்படி ஜன்னல் கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கு எட்டுகிற தூரம். நாங்களும் இரண்டு பேர் இருந்தோம். கடப்பாரையும் வீட்டில்தான் கிடந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாட்டுப் படித்ததையே பெரிய வீரமாக நினைத்துவிட்டோமே அக்கா.