விமானமில்லாத விமானப் பயிற்சி

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், சிம்பாங் ரெங்கம் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் இளைஞர் தொண்டர் அணி ஒன்று கிளம்பியது. விமானம் ஓட்டவும் ஆட்களை வழிநடத்தவும் பயிற்சி தருவார்களாம். ஒரே ஒரு குறைதான், விமானம் இல்லை.

பயிற்சி கொடுத்தவர் குளுவாங்கிலிருந்து சைக்கிளில் வரும் யாழ்ப்பாணத்து இளைஞர். சண்டைக்கு முன்னால் நிஜ விமானத்தில் ஏறியவர் என்பதால் அவருடைய தொப்பிக்குக்கூட எங்களிடம் தனி மரியாதை. திடலில் ஒருவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கைகளை விரித்து நடக்க வேண்டும். அவர்தான் விமானம். தூரத்தில் நிற்பவர் கோபுரம். நட்டு வைத்த கம்புகளில் மோதாமல், குரலாலேயே விமானத்தைக் கொண்டுவந்து இறக்க வேண்டும்.

"கோபுரம் எடதெண்டா எடது. ஏனெண்டு கேக்கக் கூடாது" என்பார்.

தேறியவர்களுக்கு ஒரு கைப்பட்டை கிடைக்கும். போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள், அதைக் கட்டியவனைத் தொடுவதில்லை. அம்மாவுக்கு விமானமும் வேண்டாம், தலைமையும் வேண்டாம். அண்ணனுக்கு அந்தத் துணி கிடைத்தால் போதும்.

சோதனையில் அண்ணன் விமானம், நான் கோபுரம். பிறந்ததிலிருந்து என் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்காதவன் அன்றைக்கு மட்டும் கேட்பானா? நான் இடது என்றால் நின்று யோசித்தான். கடைசியில் எல்லாக் கம்பிலும் மோதினான்.

"நீ சொல்லி நான் திரும்புறதா?" என்று துண்டை உதறினான்.

"அப்ப சயாமுக்குப் போ" என்றேன். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் அவனே துண்டோடு வந்து என் முன்னால் நின்றான். அதன்பிறகு தினமும் பழகினோம். அவன் மேல் எனக்கு இவ்வளவு பாசம் இருக்கிறதென்று அந்த நாட்களில்தான் தெரிந்தது.

மறு சோதனைக்கு முன்பே ஆள்பிடிக்கும் லோரி வந்துவிட்டது. பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நான், அது சடக்குப் பாதை வளைவில் நிற்பதைப் பார்த்தேன். மரவள்ளி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு அண்ணன் அதே வளைவை நோக்கி வந்துகொண்டிருந்தான். மரங்கள் மறைத்ததால் அவனுக்கு லோரி தெரியவில்லை. "லோரி" என்று கத்தினால் அவர்களுக்கும் புரிந்துவிடும். பயத்தில் பயிற்சியில் பழகிய வார்த்தை வாயில் வரவில்லை.

"பீச்சாங்கைப் பக்கம்" என்று கத்தினேன்.

அவன் நிற்கவில்லை, என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. மூட்டையோடு அப்படியே இடப்பக்கம் திரும்பிப் புதர்க்காட்டுக்குள் போய்விட்டான்.

லோரி போன பிறகு, உடம்பெல்லாம் முள் கீறலோடு வந்து என் முன்னால் நின்றான்.

"இப்பக் கேக்கலாமா?" என்றான். "ஏன் திரும்பச் சொன்ன?"