இடது பக்கம் போகாத பந்து

கை வெட்டுப்பட்டதற்குப் பிறகு இரண்டரை மாதம் நான் ஆட்டோ ஓட்டவில்லை. நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையில் தகரம் மாற்றும்போது காற்று அதைத் தூக்கியது. விட்டிருக்கலாம். பிடித்தேன். இடது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் கீழே, குறுக்காக அறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளே அறுந்ததை இழுத்துத் தைத்தார்கள். விரல் மடங்கும், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர். ரப்பர் பந்து ஒன்றை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்.

ஆட்டோ என்னுடையது இல்லை. நானாவுடையது. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அப்படிக் கூப்பிடுவார்கள்; உறவு ஒன்றும் இல்லை, மாத்தளை டவுனில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். டெலிபோன் பேசுகிற கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்து விளையாடுவார்கள்.

அந்த ஆட்டோவை ஒன்பது வருடம் ஓட்டினேன். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தபோது ரத்தோட்டை ரோட்டுப் பக்கத்து ஆள் ஒருவன் அதை எடுத்து ஓட்டினான். என்னைவிடப் பத்து வயது குறைவு. வீட்டில் அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். நல்லவன்தான். அதுதான் சங்கடம்.

நானா என்னைக் கடையில் உட்காரவைத்தார். "வீட்டுல சும்மா ஈக்காம இங்க வந்து ஈ" என்றார். பிறகு ஒரு நாள், "நோன்பு தொடங்க முன்ன செல்லு. ஓட்ட ஏலுமா, ஏலாதா. ரெண்டு பேரையும் தொங்க வெச்சிக்கிட்டு ஈக்க ஏலா" என்றார். அவர் பேச்சில் ஈ என்றால் இரு, செல்லு என்றால் சொல்லு.

"சரியாயிருச்சு நானா. இன்னும் கொஞ்ச நாளு" என்றேன்.

சரியாகவில்லை. பெருவிரல் நன்றாக இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கின. மற்ற இரண்டும் குச்சி மாதிரி நின்றன. ஆட்டோவில் கிளட்ச், கியர் இரண்டும் இடது கையில்தான். எங்கள் வண்டி பழசு. தரையில் இருக்கும் பிடியை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதும் இடது கைதான். இடது கை இல்லையென்றால் அந்த சீட் இல்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து வேலைப் பதிவில் பெயரும் இல்லை.

அந்த வாரம் நானா கொழும்புக்குப் போய்ப் புது சீடி ஒன்று கொண்டுவந்தார். ரக்பி. எங்கள் பக்கம் ரகர் என்போம். பழைய சீடிகள் எல்லாம் கீறல் விழுந்து நடுவில் நின்றுவிடும். கார் ஓட்டுகிறதும் கிரிக்கெட்டும் பையன்களுக்குப் புளித்துப் போயிருந்தது. புது சீடி வந்தால் பையன்கள் வருவதற்கு முன்னால் முழுசாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எங்காவது நிற்கிறதா என்று தெரியவேண்டும். அது நானாவின் முறை. காலையில் கடையில் நான் ஒருத்தன்தான்.

எனக்கு ரகர் தெரியும். விளையாடியது இல்லை. எங்கள் ஸ்டாண்ட் மைதானத்துக்குப் பக்கத்தில். ஹயர், அதாவது சவாரி, இல்லாத நேரம் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒன்பது வருடம் பார்த்தால் எவனுக்கும் விளங்கும். பந்தைப் பின்னாலேதான் கொடுக்கவேண்டும். முன்னால் கொடுத்தால் விசில்.

முதலில் எந்த நாடு என்று கேட்டது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கொடிகளைத் தள்ளிக்கொண்டே போனேன். இலங்கைக் கொடி இல்லை. வெள்ளையில் சிவப்பு வட்டம் தெரிந்த கொடி. எடுத்தேன். ஜப்பான்.

மைதானம் வந்தது. நான் பக்கவாட்டில் இருந்து பார்த்துப் பழகியவன். இது பின்னால் இருந்து காட்டியது. கோல் கம்பம் தூரத்தில், மேலே. மைதானம் ரோட்டைப் போல நேராக நீண்டு கிடந்தது. ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு அது வசதி.

புல் நன்றாக இருந்தது. ஒரே பச்சை, ஒரே உயரம். நம்முடைய மைதானத்தில் கோல் கம்பத்தடியில் புல்லே இருக்காது. மழை போட்டுப் பார்த்தேன், அதற்கும் இடம் இருந்தது. மழை கோடு கோடாக விழுந்தது. சட்டை கொஞ்சம் அழுக்கானது. சேறு இல்லை. மாத்தளையில் மழையில் விளையாடினால் கால் மணி நேரத்தில் எவன் எந்தப் பக்கம் என்று தெரியாது. இதில் கடைசிவரை தெரிந்தது.

ஆட்களுக்கு முகம் இருந்தது. கழுத்து இல்லை. ஓடும்போது மூச்சு வாங்குவது கேட்டது. அதிகம் ஓடவைத்தால் கீழே ஒரு கோடு குறைந்துகொண்டு வந்தது. கோடு முடிந்தால் ஆள் மெதுவாகிவிடுவான். அது எனக்குப் பிடித்தது. பெட்ரோல் முள் மாதிரி.

டிவிக்குள்ளே ஒருத்தன் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தான். என்ன சொன்னான் என்று தெரியாது. நான் பந்தைக் கீழே விட்டால் குரல் இறங்கியது. அவ்வளவு விளங்கியது.

பந்தை முன்னால் கொடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. எதை அமுக்கினாலும் பின்னால்தான் போனது. நம்முடைய மைதானத்தில் பாதிச் சண்டை அந்த ஒன்றால்தான் வரும். இதில் அந்தத் தப்பைச் செய்யவே வழி இல்லை. விசில் ஊதுகிறவனுக்கு நிம்மதி.

முட்டி மோதுகிறபோது என் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. இடது கை கிளட்சைத் தேடியது. எதிரில் ஆள் வந்தால் கிளட்ச், பிரேக். ஒன்பது வருடப் பழக்கம். நானா முன்பக்கம் இருந்து எட்டிப் பார்த்தார்.

"கீழ என்னத்த மிதிக்கிறாய்?"

"ஒண்ணுமில்ல."

"அதுல பிரேக் இல்ல. மோதத்தான் வேணும்."

கையில் பிடிக்கும் சாமானின் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் பட்டன். வலது ஆள்காட்டி விரலால் அமுக்கினால் பந்து வலது பக்கத்து ஆளுக்குப் போகும். இடது ஆள்காட்டி விரலால் அமுக்கினால் இடது பக்கத்து ஆளுக்கு. அதுதான் இந்த விளையாட்டின் பாதி. வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் எதிரிகள் நடுவில் வழி விட்டுவிடுவார்கள்.

என் இடது விரல் பட்டன் மேல் கிடந்தது. அமுங்கவில்லை. மோதிர விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எட்டியது. ஆனால் சாமான் கையை விட்டு நழுவி விழுந்தது. இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் தடவை விட்டுவிட்டேன்.

வலது பக்கம் மட்டும் கொடுத்தேன். ஒருத்தன், அடுத்தவன், அடுத்தவன், பிறகு ஓரத்து வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். மறுபடி வலது பக்கம். மறுபடி கோடு. ஜப்பான்காரர்கள் பத்துப் பேர் மைதானத்தின் ஒரு ஓரத்தில் நின்றார்கள். இடது பக்கம் மீதி ஐந்து பேரும் வெறும் புல்லும். ஆடு மேய்க்கலாம்.

சீடி எங்கும் நிற்கவில்லை. நானாவிடம் சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவன் வந்தான், என் வண்டியை ஓட்டுகிறவன். ஹயர் குறைவான நேரம். சோற்றுப் பார்சலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"புது சீடியாமே. ஒரு கை போடுவமாண்ணே?"

"சாப்புடு மொதல்ல."

"ஒங்கள அடிச்சிட்டுச் சாப்புடுறேன். அப்பத்தான் செரிக்கும்."

அவன் நியூசிலாந்தை எடுத்தான். கறுப்புச் சட்டை. ஆரம்பத்தில் ஆட்டம் ஒன்று ஆடினார்கள், தொடையைத் தட்டி, நாக்கை நீட்டி. அவன் சிரித்தான். "என் பொண்டாட்டி இப்பிடித்தான் நிப்பா, நான் லேட்டாப் போனா."

முதல் பாதியில் நாலு தடவை கோல் கம்பக் கோட்டைத் தாண்டிப் பாயின்ட் எடுத்தான். நான் ஒரு தடவையும் இல்லை. அவன் பேசிக்கொண்டே விளையாடுகிறவன். பிறகு பேச்சு குறைந்தது. என் ஆட்களைப் பார்த்தான்.

"அண்ணே, ஒங்க ஆளுங்க ஏன் எப்பவும் சோத்துக்கைப் பக்கமே ஓடுறாங்க?"

"அங்கதான் ஆளு இருக்கு."

"பீச்சாங்கைப் பக்கம் அஞ்சு பேரு சும்மா நிக்கிறானுங்களே. வெத்தல போடவா வந்தானுங்க?"

அவன் திரும்பி என் கையைப் பார்த்தான். பிறகு டிவியைப் பார்த்தான். அதற்குப் பிறகு என் வலது பக்கத்தை அடைக்கவில்லை. வேண்டுமென்றே திறந்துவிட்டான். ஒரு தடவை நான் கோடு தாண்டினேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நானா வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

"வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு என்னை எல்கடுவ மலைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் என்னிடம். "நீ ஓட்டு."

"சரி நானா."

அவன் சோற்றுப் பார்சலைப் பிரித்தான். எனக்கும் ஒரு பங்கு வைத்தான்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் கடை திறந்ததும் அந்த சீடியைப் போட்டேன். இடது பட்டன் மட்டும். டாக்டர் சொன்ன ரப்பர் பந்தைவிட இது பரவாயில்லை. பந்தை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. இதில் ஒருத்தன் காத்துக்கொண்டு நின்றான். வியாழக்கிழமை நடுவிரல் கொஞ்சம் அசைந்தது. பட்டன் அமுங்கவில்லை. எதிரி வந்து விழுத்தினான். மறுபடி. விழுத்தினான். வீட்டில் மனைவி கேட்டாள், எப்படி என்று. நாளைக்குத் தெரியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை நானா தொழுதுவிட்டு வந்து பின்னால் ஏறினார். பிடியை மணிக்கட்டால் கொளுவி இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன். டவுன் எல்லையில் செக் பொயின்ட். சண்டை நடந்த அந்த வருடங்களில் அது இல்லாத ரோடு இல்லை. ஐடென்டி கார்டைக் கொடுத்தேன். ஆமிக்காரர் அதை வாசித்துவிட்டுக் கையைப் பார்த்தார். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"என்ன இது?" என்றார் சிங்களத்தில்.

"தகரம் வெட்டியது."

கையைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். விரலை மடக்கச் சொன்னார். இரண்டு மடங்கின. நானா பின்னால் இருந்து சிங்களத்தில் பேசினார், என் ஆள், கூரை வேலையில் பட்டது என்று. விட்டார்கள்.

முதல் இரண்டு மைல்கட்டை தூரம் நன்றாகத்தான் போனது. இரண்டு விரலாலும் உள்ளங்கையாலும் கிளட்சை இழுத்தேன். நேர் ரோட்டில் அது போதும். எனக்குக்கூட ஓட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது.

தேயிலை தொடங்குகிற இடத்தில் ஒரு வளைவு. ஏற்றம். மேலே இருந்து பஸ் வந்தது. ஒதுங்கி நின்றேன். பஸ் போவதற்கு நான் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி இடம் விட வேண்டும். முதல் கியர். கிளட்ச் முழுசாக வரவில்லை. கியர் கத்தியது. இன்ஜின் நின்றது.

மறுபடி இழுத்தேன். ஸ்டார்ட் ஆனது. கிளட்ச், கியர். கை நழுவியது. வண்டி ஒரு முழம் பின்னால் போனது. பின்னால் சரிவு. பிரேக்கை மிதித்துக்கொண்டு இருந்தேன்.

பஸ் கண்டக்டர் என்னைத் தெரிந்தவன். தலையை நீட்டினான். "என்னண்ணே, மாடு கீடு பூட்டணுமா?" பஸ்ஸில் சிரித்தார்கள்.

நானா இறங்கினார். வெள்ளைச் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஓரத்தில் இருந்த கல்லைத் தூக்கி, வண்டி உருளாமல் பின் சில்லுக்கு வைத்தார். பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது.

"கையைக் காட்டு" என்றார்.

காட்டினேன்.

"எத்தின வெரல் வேல செய்யிது?"

"ரெண்டு."

"அவன் செல்லல்ல. நாந்தான் பாத்த. ஒண்ட ஆக்கள் ஒரே பக்கமா ஓடின நேரமே வெளங்கிட்டு. நீயாச் செல்லுவாய் எண்டு பாத்த."

"சொன்னா சீட் போயிரும்."

"செல்லாட்டி?"

பின்னால் சரிவைப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் அந்த வளைவில் எத்தனையோ பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். கர்ப்பிணி, கிழவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்றைக்குப் பின்னால் நானா மட்டும்.

"அவனக் கூப்புடுங்க நானா" என்றேன். "இனி அவனே ஓட்டட்டும். எனக்காக வெயிட் பண்ண வேணாம்."

நானா போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடி மேட்டில் ஏறினார்.

அரை மணி நேரத்தில் அவன் யாரோ ஒருத்தனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான். என்னைப் பார்த்தான், நானாவைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். நான் சீட்டை விட்டு இறங்கிச் சாவியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான்.

நானும் நானாவும் பின்னால் ஏறினோம்.

"ரெண்டாம் கியர் கொஞ்சம் இறுகும்" என்றேன். "தட்டித்தான் போடணும்."

"தெரியும்ணே" என்றான்.