உள்முற்றத்துக் கடிகாரப்பூ

எனக்குக் கொடிப் பைத்தியம் என்பது காரைக்காலில் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்; வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பூச்சட்டிகள். அந்தப் பைத்தியம் முற்றியது ஒரு கடிகாரப்பூவால். முன்னொரு காலத்தில் இங்கே வேலை பார்த்த பிரெஞ்சுத் துரை ஒருவர், நீலப் பூக் கொடியையும் சிவப்புப் பூக் கொடியையும் கலந்து புதிதாக ஒரு கொடியை உண்டாக்கினார். அவர் தோட்டம் அழிந்தபோது அதுவும் அழிந்தது என்பதுதான் எல்லோருடைய முடிவும். நான் மட்டும் வேலி வேலியாக எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப்போன மறுவருஷம், என் மனைவி திருமலைராயன்பட்டினத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாண வீடுகளில் அதைக் கேட்காமல் அவளை யாரும் விடுவதில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் திரும்புவாள். அன்றும் அப்படித்தான் வந்தாள். புடவையை மடித்துக்கொண்டே, "அவங்க உள்முற்றத்துல ஒரு கொடிங்க. ஊதாப் பூ, நடுவுல கடிகார முள்ளு மாதிரி. நாளைக்கு வெட்டப் போறாங்களாம்" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் முதல் பஸ். அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். அது பெண்கள் புழங்கும் முற்றம். வெளி ஆண் அங்கே போக முடியாது. துரையின் கொடி இத்தனை வருஷம் எந்த நிபுணர் கண்ணிலும் படாததற்கு அதுதான் காரணம் என்று பஸ்ஸில்தான் உறைத்தது. எத்தனை பேர் அந்தத் தெரு வழியாகவே நடந்துபோயிருப்பார்கள்!

வீட்டுக்காரர் வியாபாரத்துக்காகச் சைகோனில் இருந்தார். என்னை முன்கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவா முடிந்தது? உள்வாசலில் திரை. அந்தப் பக்கம் என் மனைவி, கையில் என் பூதக்கண்ணாடி. இந்தப் பக்கம் நான், குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி.

"இலையில எத்தனை பிளவு?"

"மூணு. இருங்க, அஞ்சும் இருக்கு."

"காம்புல மரு மாதிரி ஏதாவது?"

"இருக்கு, இருக்கு! கத்தாதீங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க."

தட்டில் ஒரு பூ வெளியே வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலத்தில் சிவப்பு ஊறிய நிறம். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. சாதாரண நீலக் கொடியே சில சமயம் சிவந்து பூத்து ஏமாற்றும். ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதற்குள் அரிவாளோடு ஆள் வந்து வாசலில் நின்றுவிட்டான்.

"காய் காய்க்குமான்னு கேளு!"

திரைக்குப் பின்னாலிருந்து வீட்டு அம்மாளே பதில் சொன்னார். "மாமனார் காலத்துலேர்ந்து பூக்குது சார், ஒரு காய் கண்டதில்ல. மலட்டுக் கொடி. புதுப் பொண்ணு வாழப்போற வீட்டுல அது எதுக்குன்னுதான் வெட்டச் சொன்னேன்."

நான் துள்ளிக் குதித்தேன். "அம்மா, அதேதாங்க! வெட்டிடாதீங்க! துரை கொடி காய்க்காது. காய்க்காததுதான் அதுக்கு அடையாளமே. காய்ச்சிருந்தா நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே இது ஒண்ணுதாங்க இருக்கு!"

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று புரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க," என்றாள் என் மனைவி. "இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

சொன்னேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அரிவாள்காரனைப் போகச் சொல்லி அந்த அம்மாள் குரல் கொடுத்தது அதற்கப்புறம்தான்.