கொப்பரை வண்டிக்கு முன்னால் ஒரு காலி வண்டி

இது சத்தியமாக நடந்தது. மாதிரி ரயில் உலகின் வரலாற்றிலேயே இப்படி ஒன்று நடந்ததில்லை. உலகம் என்றால், தலைவர் வீட்டு மாடி அறை. தலைவர் என்றால், ஆறே உறுப்பினர்கள் உள்ள மாதிரி ரயில் சங்கத்துக்குத் தலைவர். அதில் இருவர் அவருடைய மைத்துனர்கள்.

அறை முழுக்க ஓர் இரும்பு ஆலையைச் சின்னதாகச் செய்து வைத்திருந்தார். ஊதுலை, தாதுக் குவியல், உருகிய இரும்பைச் சுமக்கும் கொப்பரை வண்டிகள், இழுக்க ஒரு டீசல் எஞ்சின். "ஆலையிலயே முப்பது வருஷம் இருந்தவன் நான். இதுல ஒரு ஆணி தப்பு சொல்ல முடியாது" என்பார். இருந்தது உண்மைதான். விடுப்பு விண்ணப்பப் பிரிவில்.

மாதிரி ரயில் போட்டியில் மூன்று முறை முதல் பரிசு கை நழுவியிருந்தது. இந்த ஆண்டும் போனால் பதவியும் போகும். பெரிய மைத்துனர் தயாராக இருந்தார். நடுவர் நாலு மணிக்கு வருகிறார்.

மதியம் 3.05. எஞ்சினை முதல் கொப்பரையோடு மாட்டிவிட்டு, முகம் கழுவக் கீழே போனார்.

3.09. மாடியில் க்ளிங்...

ஓடிப்போய்ப் பார்த்தார். எஞ்சினுக்கும் கொப்பரைக்கும் நடுவே ஒரு காலி வண்டி. துருப்பிடித்தது. பக்கவாட்டில் 17 என்று வெள்ளை எண். அவர் செய்ததல்ல.

"ஏய், மாடிக்கு வந்தியா?"

"உங்க பொம்மையைத் தொட்டா கொலை விழும்னீங்களே," என்றாள் மனைவி கீழிருந்து. "நான் ஏன் வரேன்?"

கழற்றினார். இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

3.11. மின்சாரம் போனது. விசிறி நின்றது.

முதுகுக்குப் பின்னால்... க்ளிங்.

காலி வண்டி நடுவில் இருந்தது. இழுப்பறை பூட்டியபடியே.

3.12. மின்சாரம் வரவில்லை.

ரயில் நகர்ந்தது.

ஒரு முழம்...

நின்றது.

துணி கருகும் வாடை. காதோரம் ஒரு மூச்சு.

சூடாக.

தலைவர் அதற்குமேல் எதையும் கழற்றவில்லை.

நடுவர் வேறொரு ஆலையில் வண்டிகளைக் கோர்த்துப் பிரித்து ஓய்வு பெற்றவர். குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"எல்லாரும் எஞ்சினைக் கொப்பரையோட நேரா மாட்டிருவாங்க சார். உள்ள ததும்பிச்சுன்னா டிரைவர் கதி என்ன? அதுக்குத்தான் நடுவுல ஒரு காலி வண்டி. எங்க ஆலையில ஒரே ஒரு நாள் அதை விட்டுட்டு ஓட்டினோம். டிரைவர் போயிட்டான்... மதியம் மூணு பன்னிரண்டு." அவர் குரல் இறங்கியது. "அன்னிக்கு மாட்டாம விட்ட வண்டி இந்தப் பதினேழுதான். உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"அனுபவம்," என்றார் தலைவர். தண்ணீர் கேட்டார்.

முதல் பரிசு அவருக்கே. அந்தக் காலி வண்டி தம் நீண்டகால ஆராய்ச்சியின் பலன் என்று ஏற்புரையில் சொன்னார்.

இப்போதெல்லாம் மனைவியை முன்னால் விட்டுத்தான் மாடியேறுகிறார்.