டிரைவர் சோறு வேண்டாம்

வயிற்றைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. இப்போது ஸ்டீரிங் பிடிக்கிற தம்பிமார்கள் என்னிடம் கிளட்ச் பிளேட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், மேட்டில் கியர் மாற்றுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மடங்கிக் கிடக்கிற குடலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

1. குண்டாற்று மணல்

ஜெர்மன் சண்டைக் காலம். பெட்ரோல் கண்ணில் காட்டமாட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக வீரசோழன் பக்கம் போகிற எங்கள் பஸ் கரியில் ஓடியது. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதைப் பிளாண்டு என்போம். உடைமரக் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றடிக்கிற புளோயரைக் கை ஓயச் சுற்றினால் கேஸ் பிடிக்கும். பிடித்த பிறகுதான் இஞ்சின் இருமும், தும்மும், மனசு வைத்தால் கிளம்பும். கிளம்பிய வண்டியை நடுவழியில் நிறுத்தினால் கேஸ் செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும்.

அதனால் டிரைவர் இறங்கமாட்டான். இறங்க வேண்டி வந்துவிடுமோ என்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். கரிசல் வெடித்துக் கிடக்கும், கானல் ரோட்டை நக்கிக்கொண்டு ஓடும், பிளாண்டின் சூடு முதுகில் வந்து அறையும். நான் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு ஓட்டுவேன். “தேவசகாயம் ஏறுனான்னா ஊரு போய்ச் சேந்துதான் எறங்குவான்” என்று முதலாளி மற்ற டிரைவர்களிடம் சொல்லுவார். அந்தப் பேரை வாங்கிக்கொண்டது நான். விலை கொடுத்தது என் குடல்.

ஒரு மாசி மாதம். இடது அடிவயிற்றில் ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. உடம்பும் சுட்டது. வெளிக்குப் போய் நாலைந்து நாள் ஆகியிருந்தது. எங்கள் கண்டக்டர் காதர், வீரசோழன்காரன், என் வயசு, என் சிநேகிதன். முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான்.

“ஏலே, என்னலே மூஞ்சி செத்துக் கெடக்கு?”

“வயிறு. போகமாட்டேங்குது.”

“ப்பூ, இதுக்கா? எங்கம்மா குடுத்த வெளக்கெண்ண இருக்கு. ஒரு மடக்கு குடிச்சுரு. நம்ம புளோயரு தோத்துரும்.”

எங்கள் பக்கத்தில் வயிற்றுக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் பேதிதான். அன்போடுதான் கொடுத்தான். நானும் குடித்தேன்.

திருச்சுழி தாண்டுவதற்குள் வயிற்றுக்குள் யாரோ கம்பியை வளைத்தார்கள். கிளட்ச் இடது காலில். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அந்த வலி எழுந்து நின்று என்னைப் பார்த்தது. பாலம் இல்லாத குண்டாற்று மணலில் வழக்கம்போல ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். அக்கரை ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினேன் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஸ்டீரிங்கில் கவிழ்ந்து கிடந்தேனாம். காதர்தான் பருத்தி லாரி ஒன்றை மறித்து, பொதிகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்து, மதுரைக்குக் கொண்டுபோனான்.

2. டாக்டரம்மா

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் கை வயிற்றில் பட்டதும் அலறினேன். விளக்கெண்ணெய் விஷயத்தைக் காதர் பெருமையாகச் சொன்னான். அந்தம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியைக் கழற்றி மறுபடியும் மாட்டினான்.

“வலியும் காய்ச்சலும் சேர்ந்து இருக்கும்போது பேதிக்குக் குடுப்பாங்களா? உள்ள வீங்கியிருக்கு. ஓட்டை விழுந்திருந்தா இவரை நீங்க லாரில ஏத்தியிருக்க மாட்டீங்க, பாடையில ஏத்தியிருப்பீங்க.”

சல்பா மாத்திரை, வெறும் தண்ணீர், பிறகு வடிகட்டின கஞ்சித் தண்ணீர், படுக்கை. காய்ச்சல் இறங்கி உடம்பு தேறிய பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னதாகப் பைகள் பிதுங்கியிருக்கின்றன, அதில் ஒன்று அடைத்துக்கொண்டு வீங்கியிருக்கிறது என்றார்கள். பெயர் டைவர்டிகுலைட்டிஸ். டயர் கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்றான் காதர். பழைய டியூபில் அங்கங்கே மொட்டுப் புடைக்குமே, அதுதான் என்று நான் புரிந்துகொண்டேன். முக்கி முக்கி, அடக்கி அடக்கி, உள்ளே ஏறின அழுத்தம் சுவரைத் தள்ளியிருக்கிறது.

குழைந்த சாதம், பால், ரொட்டி, இவைதான் இனி என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படியே தின்றேன். வயிறு முன்னைவிட இறுகியது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி மினுக்கென்று ஒரு வலி. பயந்துபோய் ஓடினேன்.

டாக்டரம்மா என் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார், “சின்ன வயசுல என்ன சாப்பிட்டு வளந்தீங்க?”

“கம்பு, குதிரைவாலி. டிரைவர் ஆன பிறகுதான் நெல்லுச்சோறு.”

“அப்ப வயித்துல தொந்தரவு உண்டா?”

“அப்ப வயிறு ஒண்ணு இருக்கிறதே தெரியாதும்மா.”

“கரடுமுரடா எதுவும் கூடாதுன்னுதான் எங்க புத்தகத்துல இருக்கு. ஆனா மெதுவான சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கல, அதையும் பாக்குறேன். வலி சுத்தமா போகட்டும். அப்புறம் கம்பை நல்லா இடிச்சு, கூழாக் காய்ச்சி, மோர் விட்டுக் கொஞ்சமா ஆரம்பிங்க. கீரை, காய் வேகவெச்சு. தண்ணி நிறைய. அடக்கவே கூடாது. வலியோ காய்ச்சலோ திரும்பினா அன்னைக்கே கூழை நிறுத்திட்டு இங்க வரணும். வேற எண்ணெய் கிண்ணெய் எதுவும் தொடக்கூடாது. சரிதானா?”

சரி என்றேன். அதிலிருந்து ஒரு மாதத்தில் குடல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. காலையில் கண் விழித்ததும் எழுந்து போனேன், வந்தேன், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

3. முதலாளியின் நிபந்தனை

ஸ்டீரிங்கில் வேறு ஆள் இருந்தான். முதலாளி என்னைக் கரி செட்டில், அதாவது கரி சேர்த்துவைக்கிற கொட்டகையில், மூட்டை தைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். கியர் பிடித்த கை கோணி ஊசி பிடிக்காது என்றேன். சண்டை பலத்தது. அந்த ஆள் இரண்டு தடவை வழியில் கேஸைச் சாகடித்திருந்தபடியால் கடைசியில் முதலாளி இறங்கி வந்தார்.

“ஏறிக்கோ. ஆனா ஒண்ணு. வியாதிக்காரன் வண்டி ஓட்டுறான்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்? ஆத்துல மயங்கி விழுந்தது வெயிலுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். வயிறு கியிறுன்னு வெளிய வாயத் தொறந்த, அன்னைக்கே கரி செட்டு. வழியில நிறுத்துனாலும் அதேதான்.”

ஸ்டீரிங் வேண்டும். தலையாட்டினேன். தண்ணீர் குடிக்கிறவன் இறங்காமல் முடியுமா? வழியில் ஃபில்டர் அடைத்துவிட்டதென்று சொல்லி இறங்கி, அதைத் தட்டுகிற சாக்கில் புதர்ப் பக்கம் போய் வந்தேன். காதர் அதற்குள் புளோயரைச் சுற்றிக்கொண்டே என்னைத் திட்டுவான்.

4. மதிப்புக்குப் போட்ட சோறு

தங்கல் ஊரில்தான் வினை வந்தது. சாயங்கால டிரிப் முடிந்து பஸ் ராத்திரி நிற்கிற ஊரைத் தங்கல் ஊர் என்போம். பஸ் எந்த ஊரில் தங்குகிறதோ அந்த ஊருக்கு மதிப்பு. பக்கத்து ஊர்க்காரன் விடியற்காலம் நடந்து வந்து ஏறவேண்டும் அல்லவா? அந்த மதிப்பைக் காப்பாற்ற, நிலம் உள்ள வீடுகள் முறை வைத்து டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சோறு போடும். டிரைவர் சோறு என்றே அதற்குப் பெயர். தீட்டித் தீட்டி வெளுத்த மில் அரிசி. ரேஷனில் கிடைக்கிற கொஞ்சத்தையும் தாங்கள் தொடாமல் எனக்கு வைத்திருப்பார்கள். வருஷக் கணக்கில் அதைத் தின்று, தண்ணீர் குடிக்காமல் ஓட்டி, மரியாதையாலேயே வியாதி வாங்கினவன் நான்.

திரும்பிப் போன முதல் சாயங்காலம் வேலம்மாள் வீட்டு முறை. அந்த ஊரில் நாக்குக்கு வரி போட்டால் முதல் ரசீது அவள் பேரில்தான் எழுத வேண்டும். மல்லிகைப் பூ மாதிரிச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

“அக்கா, எனக்குக் கம்மங்கூழ் இருந்தாக் குடுங்க. இது வேண்டாம்.”

அவள் கரண்டி அப்படியே நின்றது.

“கூழா? எங்க வீட்டுல அரிசி இல்லன்னு எந்த மூதி சொன்னா?”

“அதுக்கில்லக்கா...”

“வேற எதுக்கு? எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீகளோ? வேதக்காரவுகளுக்கு எங்க சோறு ஆகாதோ?” நான் கிறிஸ்தவன் என்பதையும் இழுத்துவிட்டாள்.

காதர் குறுக்கே விழுந்தான். “அவன் கெடக்கான்க்கா. ரெண்டு பங்கையும் எனக்கே போடுங்க.”

“நீரு தின்னுவீரு. நீரு எதத்தான் விட்டீரு?”

காரணம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முதலாளியின் கரி செட்டும் கூடவே வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதை நடந்தது. பிறகு ஊர் கூடி டிரைவர் சோற்றை நிறுத்தியது. நான் வீட்டிலிருந்து மண்கலயத்தில் கூழ் கொண்டுவந்து, பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஊரே பார்க்கக் குடித்தேன். ஒளிந்து குடிக்க எனக்கு மனசில்லை. டிரைவருக்குப் பக்கத்து ஊர்ச் சோறு பிடித்துவிட்டது, தங்கலை மாற்றத்தான் இந்த நாடகம் என்று பேச்சுக் கிளம்பியது. அருப்புக்கோட்டைக்குப் பருத்தி போடப் போனவர்கள் முதலாளியிடமே போய்விட்டார்கள். தங்கலை மாத்தாதீக, டிரைவரை மாத்துங்க என்று.

5. ஊர் நடுவில்

முதலாளி ஒருநாள் குடையோடு வந்து முன்சீட்டில் ஏறினார். பொழுது இறங்கும் நேரம் ஊர் போய்ச் சேர்ந்தோம். ஜனம் கூடி நின்றது. இறங்கினவர்களும் வேடிக்கைக்கு நின்றுவிட்டார்கள்.

“நாளைக்கு இவன் வண்டிய அருப்புக்கோட்டையில கொண்டுபோய் விட்டுட்டு எறங்கிருவான். புது ஆளு வருவான்” என்றார் முதலாளி.

வேலம்மாளுக்கு அது போதவில்லை. “எறங்கட்டும். எறங்குறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிட்டு எறங்கட்டும். எங்க சோத்துல என்ன குறை கண்டாக இவுக?”

முதலாளி என்னை முறைத்தார். வாயைத் திறந்தாலும் ஸ்டீரிங் போகும், திறக்காவிட்டாலும் போகும் என்றால், மூடிக்கொண்டு போவானேன்? படியில் ஏறி நின்றேன்.

“அக்கா, உங்க சோத்துல குறை இல்ல. என் குடல்லதான் குறை. எனக்கு வெளிக்குப் போகாது. அடக்கி அடக்கிக் குடல்ல பை விழுந்து வீங்கிருச்சு. ஆத்துல விழுந்தது வெயிலுக்கு இல்ல, அதுக்குத்தான். வெள்ளச் சோறு தின்னா இறுகுது. கம்பு குடிச்சா லேசாப் போகுது. இத வெளிய சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவேன்னாக. இப்ப எறக்கியாச்சு. சொல்லிட்டேன்.”

பிளாண்டில் கரி சடசடத்தது. பிறகு கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கேட்டார், “அவருக்குப் போகாட்டி என்னப்பா, பஸ்ஸு போகுதுல்ல?”

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அடக்கவில்லை.

வேலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “அட மண்டு. இதச் சொல்ல இம்புட்டு நாளா? அரிசிய உமக்கு வச்சிட்டு உள்ள நாங்க குடிக்கிறது என்னவாம்? அந்தக் கூழ உமக்கு ஊத்த எனக்குக் கை கூசுமா?” என்றபடி வீட்டுக்குப் போய்ச் சட்டியோடு வந்தாள். முதலாளி பக்கம் திரும்பி, “புது ஆளுல்லாம் வேண்டாம். அவன் கேஸச் சாகடிச்சு, ஆத்துல எங்கள எறக்கிவிட்டு மலந்து கெடப்பான். ஒங்களுக்கு மட்டும் இன்னைக்கு அரிசிச் சோறு. வாங்க” என்றாள்.

முதலாளி அந்தச் சோற்றைத் தின்றார்.

மறுநாள் விடியலில் வண்டி எடுத்தேன். அவர் முன்சீட்டில். அருப்புக்கோட்டை போனதும் என்ன செய்வார் என்று தெரியாது. நரிக்குடி தாண்டியது. எனக்கு இறங்க வேண்டியிருந்தது. ஃபில்டர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு கண்மாய்க் கரையில் ஓரம் கட்டி நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்துன?”

“ஒண்ணுக்கு, முதலாளி. போகவேண்டியவுகல்லாம் போங்க. ஆம்பளைக இந்தப் பக்கம், பொம்பளைக கரைக்கு அந்தப் பக்கம்.”

“கேஸ் போயிரும்டா!”

“போனா வரும். காதர் சுத்துவான்.”

ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கினார்கள். இத்தனை பேரும் இத்தனை வருஷமாக அடக்கிக்கொண்டா என் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்! நான் திரும்பி வந்தபோது முதலாளி மட்டும் குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விறைப்பாக இருந்தார். காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கண்மாயைப் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கி, புதர்களுக்குள் வெகுதூரம் போனார்.

காதர் புளோயரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். அவர் வருவதற்கு நேரமாயிற்று. வந்து உட்கார்ந்தார், குடையை மடக்கினார்.

“ம். எடு வண்டிய” என்றார்.

அருப்புக்கோட்டையில் இறங்கும்போது கரி செட்டுப் பேச்சு வரவில்லை. சாயங்கால டிரிப்பையும் நான்தான் எடுத்தேன். அந்தக் கண்மாய்க் கரையில் எங்கள் வண்டி அன்றும் நின்றது, அதற்கப்புறமும் நின்றது.

பிறகு ஒரு தடவை வலி திரும்பியது. கூழை நிறுத்திவிட்டு அன்றைக்கே மதுரைக்குப் போனேன், கஞ்சித் தண்ணீரில் கிடந்தேன், தேறி வந்து மறுபடி கம்பைத் தொட்டேன். இப்போது டீசல் வண்டி. தலையில் நரை, வயிறு நல்ல வயிறு. தம்பிமாரே, கம்பும் கீரையும் மோரும் நல்ல நாளுக்குரிய காவல். வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது டாக்டருடைய நாள். அன்றைக்கு எண்ணெய்ப் புட்டியோடு வருகிறவன் உயிர்ச் சிநேகிதனானாலும் விரட்டு. தண்ணீர் குடி. உடம்பு கேட்கும்போது வண்டியை நிறுத்து. முதலாளி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் நிறுத்து.