ஊசி போடுகிறவளும் ஊர் நம்புகிறவளும்

முந்தி வந்த செவியைவிடப் பிந்தி வந்த கொம்பு பெரிது என்ற பழமொழியைக் கண்டுபிடித்தவர் வீட்டிலும் இரண்டு மருமகள்கள் இருந்திருக்க வேண்டும். பெரியவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சின்னவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள். மாமியாருக்குத் தலைவலி என்றால்கூட, மாத்திரை கொடுப்பவள் பெரியவள். எந்த மாத்திரை நல்லது என்று மாமியார் கேட்பது சின்னவளிடம். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

தொற்றுநோய்க்குத் தடுப்பூசி வந்ததும், இனி நம் காலம் என்று பெரியவள் நிமிர்ந்தாள். முதல் வாரம் தெருவே அவள் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டி நின்றது. ஊசி போடும்போது அவள் வாய் தானாகச் சொல்லும்: "ஒண்ணும் ஆகாது. எறும்பு கடிச்ச மாதிரிதான்." தொழிலில் இறங்கிய நாள் முதல் சொல்லிப் பழகிய வார்த்தை.

மறுநாள் பாதித் தெரு காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்தது.

சின்னவளோ, யாரோ தைக்க வந்தவள் சொன்னதைக் கேட்டு, "காய்ச்சல் வரும், கை கல்லு மாதிரி கனக்கும்" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் முன்பே பேசி அனுப்பியிருந்தாள். சொன்னது அப்படியே பலித்துவிட்டது. அதோடு அவள் வாக்கு வேதவாக்கு. அடுத்து, "கர்ப்பப்பை கெட்டுடுமாம், இழுப்பு உள்ளவங்களுக்கு மூச்சே நின்னுடுமாம்" என்று அவள் அனுப்பியதையும் தெரு மறுபேச்சில்லாமல் விழுங்கிக்கொண்டது.

ஊசி அறை காலியானது. ஒரு குப்பி மருந்து பத்துப் பேருக்கு. திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சம் குப்பைக்குப் போகும். ஆள் சேராமல் திறக்க மனம் வராது. பெரியவள் கையுறை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அங்கே தையல் அறையில் உட்கார இடமில்லாமல் கூட்டம் என்று நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

அந்த வாரம், தொற்று வந்து மூச்சுத் திணறிய எதிர்வீட்டு டிரைவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பெரியவள் பயந்துபோனாள். மாமியாருக்கு இழுப்பு உண்டு. அந்த நோய் வந்தால் தாங்கமாட்டாள்.

"உங்களுக்குத்தான் அத்தை முதல்ல போடணும்" என்று கெஞ்சினாள்.

"சின்னவ போட்டுக்கட்டும், நானும் போட்டுக்கறேன்."

இத்தனை வருஷம் மருந்து வாசனையில் வாழ்ந்தவள் சொல்லுக்கு இவ்வளவுதான் மரியாதை! பெரியவள் நேரே தையல் அறைக்குப் போனாள்.

"நாலு பேர் உன் பேச்சைக் கேக்கறாங்கன்னு தலைகால் புரியலையா? அத்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

சின்னவள் மிஷினை நிறுத்தினாள். "எனக்கு மட்டும் இப்படிப் பயப்பட ஆசையா அக்கா? கல்யாணமாகி எத்தனை வருஷம்! இப்பதான் டாக்டர் நம்பிக்கையா ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. இந்த ஊசி அதையும் கெடுத்துட்டா?"

"அதை என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே! நீங்க தட்டு கழுவிக்கிட்டே, திரும்பிக்கூடப் பார்க்காம, 'ஒண்ணும் ஆகாது'ன்னீங்க. தெருவுக்கும் அதையேதான் சொன்னீங்க, அவங்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்துச்சு. அப்புறம் நான் எதை நம்பறது?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. கேட்டது ஞாபகம் இருந்தது. இவளுக்கு இரண்டு வார்த்தை போதும் என்று அன்று நினைத்ததும் ஞாபகம் இருந்தது.

துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "காய்ச்சல் வரும், கை வலிக்கும். அது நிஜம், நான்தான் மறைச்சேன். ரொம்ப அபூர்வமா ஒருத்தருக்கு உடனே ஒவ்வாமை வரலாம், அதுவும் நிஜம். அதுக்குத்தான் அரை மணி நேரம் உக்கார வச்சுப் பார்க்கறோம். கர்ப்பப்பைக் கதை பொய். கையில போடற மருந்து, கிருமியை உடம்புக்கு அடையாளம் காட்டிட்டுக் கரைஞ்சுடும். குழந்தைக்குக் காத்திருக்கறவங்க தாராளமா போட்டுக்கலாம். இழுப்பு இருந்தாலும் போட்டுக்கலாம். நோய் வந்தாத்தான் ஆபத்து."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். "இதையே பேசுங்க அக்கா, குழுவுக்கு அனுப்பறேன்."

பெரியவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள். சின்னவள் கேட்டுப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. மைக்குல ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு. நானே பேசிடவா?"

'போடி' என்று வாய்வரை வந்தது. அடுத்த அறையில் மாமியார் இருமுவது கேட்டது.

"பேசு" என்றாள். "முன்னாடி சொன்னது தப்புன்னும் சேர்த்துச் சொல்லு."

மறுநாள் காலை ஊசி அறைக்கு வெளியே வரிசை. குப்பி மேல் குப்பி திறந்தது. கையை நீட்டியவர்கள் எல்லாம், "சின்னவங்க விளக்கமா சொன்னாங்க, அதான் வந்தோம்" என்றார்கள். ஒருத்தி, "நீங்களும் ஒருநாள் அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க" என்று புத்திமதியே சொன்னாள். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவள் வந்து கையை நீட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஊசி போட்டு முடித்தும் அவள் திறக்கவில்லை. "ஆச்சு, கண்ணைத் திற" என்று பெரியவள்தான் தோளைத் தட்டினாள். பின்னாலேயே மாமியார். சின்னவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தாள். பெரியவள் நோகாமல் போட்டாள். அவ்வளவு பதமாக யாருக்கும் போட்டதில்லை.

"சின்னவ கையைப் பிடிச்சிருந்தேனா, வலியே தெரியல" என்றாள் மாமியார்.

பெரியவள் மாமியார் கையில் பஞ்சை வைத்து அழுத்தினாள். இந்தமுறை உண்மையையே சொல்லிவிட வேண்டும் என்று, "அத்தை, காய்ச்சல் வரும். பயப்படாதீங்க" என்றாள்.

"தெரியும் தெரியும்" என்றாள் மாமியார். "சின்னவ சொல்லிட்டா."

அந்தக் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, வயிறு எரிய எரிய, பெரியவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.