ஒன்பது பேர் இருந்த அறைக்கு ஒரு லென்ஸ்

காலை ஏழு ஐம்பதுக்கு நான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு தூளி. முட்டுக் கொடுத்து நிறுத்திய மாட்டு வண்டியின் அடியில் அதைக் கட்டியிருந்தார்கள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வண்டியைச் சுற்றி ஒரு வீட்டின் சாமான்கள் அத்தனையும் தெருவில் கிடந்தன: மூன்று பாய்ச் சுருட்டுகள், அடுக்குப் பானைகள், நூல் சுற்றும் ராட்டை, கோழிக்கூடை, கழற்றிப் போட்ட தறிச் சட்டங்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. இன்னும் காயவில்லை.

"என்ன இது?" என்றேன்.

"படம் எடுக்கறாங்கல்லங்க, அதான்" என்றார் வீட்டுக்காரர். கையெல்லாம் சுண்ணாம்பு. முகத்தில் பெருமை. "ராத்திரி பூரா ஆறு பேர் அடிச்சோமுங்க."

திருச்செங்கோட்டு நெசவாளர் தெரு அது. யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு. நான் அப்போது சேலத்திலிருந்து சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே புறம்போக்கு நிலத்தில் வீட்டுமனை கேட்டு அந்தத் தெருக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி தெருவில் நின்றபடியே, வீடுகள் போதுமானவை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மறு விசாரணைக்கு இன்னும் எட்டு நாள். வீட்டின் உட்புறத்தைப் படமெடுத்து மனுவோடு சேர்க்கலாம் என்று நெசவாளர் சங்கத் தலைவரிடம் சொன்னவன் நான்தான். இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர். காரணம் எளிமையானது. பதினாறு அடி நீளம், ஒன்பது அடி அகலத்தில் ஒரே அறை. அதில் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் ஒன்பது பேர். இந்த முறை மனு தள்ளுபடியானால் அவர்கள் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

படமெடுக்கச் சேலத்திலிருந்து வந்தவர் ஒரு பெண்மணி. புருஷனும் அவருமாகக் கடைவீதிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். ஸ்டூடியோவுக்குள் உட்கார வைத்து எடுக்கும் படங்கள் புருஷனுடையவை. வீடுகளுக்குள் போய் எடுப்பது இந்த அம்மாளின் வேலை. பெண்கள் இருக்கிற இடத்தில் அவரால் தயக்கமில்லாமல் காமிரா முக்காலியை விரிக்க முடியும் என்பது ஒரு காரணம். புருஷனைவிட நன்றாக எடுப்பார் என்பது இன்னொன்று. அதைப் புருஷனே என்னிடம் சொல்லியிருக்கிறார். பிறந்த ஊர் திருச்செங்கோடு என்பதால் முந்தின நாளே வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்.

அவருடைய பெட்டியில் அன்று இரண்டு லென்ஸுகள் இருந்தன. இரண்டும் அவருடையவை அல்ல. சேலம் அஸ்தம்பட்டியில் பங்களா வைத்திருந்த வெள்ளைக்கார சர்வேயர் ஒருவர் சீமைக்குத் திரும்பவிருந்தார். சாமான்களை விற்றுக்கொண்டிருந்த அவர், இரண்டையும் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஒன்று சாதாரண அகலக் கோண லென்ஸ். ஓர் அறையின் எதிர்ச்சுவரும் இரு பக்கச் சுவர்களில் பாதியும் அதில் விழும். மற்றொன்று போல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இரண்டு மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்தாற்போல, பெரிய கோலிக்குண்டு அளவில் இருந்தது. அதன் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு சின்னத் தகடு. ரப்பர்ப் பந்தை அமுக்கினால் காற்றில் தகடு சுழலும். படத்தின் நடுவில் வெளிச்சம் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழும் என்பதால், நடுவைக் கொஞ்ச நேரம் மறைத்து இரண்டையும் சமப்படுத்துவதற்காக அந்த ஏற்பாடு. மூலையில் நின்றால் நான்கு சுவரும் கூரையும் தரையும் ஒரே படத்தில் வந்துவிடும். கண்டுபிடித்தவனை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"இதையே வாங்குங்கள். முழு அறையும் தெரியும்" என்று சேலத்திலேயே அந்த அம்மாளிடம் சொல்லியிருந்தேன்.

"பாக்கலாமுங்க அண்ணா. ஊட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அவர்.

எட்டரை மணிக்குப் பெட்டிகளோடு வந்தவர் தெருவில் கிடந்த சாமான்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அறையின் மூலையில் முக்காலியை நிறுத்தி, நட்சத்திரத் தகடு வைத்த லென்ஸைப் பொருத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

காமிராவின் பின்புறத் தேய்த்த கண்ணாடியில் அறை தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழானாலும் அளவு தெரியாமல் போகாது. எதிர்ச்சுவர் எங்கோ தொலைவில் இருந்தது. தரை பாய் விரித்த கூடம்போல் நீண்டு கிடந்தது. ஒரு கல்யாணத்தை அதற்குள் நடத்திவிடலாம்.

அடுத்து வீட்டுக்காரர் பார்த்தார். "அட, எங்கூடா இது! அரமனையாட்டம் இருக்குதுங்களே!"

சங்கத் தலைவரும் பார்த்தார். துணியை விட்டு வெளியே வந்து மீசையைத் தடவினார். "ஏம்ப்பா, விசாரணை பண்ற தொரை இதைப் பாத்தா என்ன சொல்லுவாரு தெரியுமா? இன்னும் நாலு குடும்பத்தை உள்ளார குடி வெய்யின்னு சொல்லுவாரு. நீ சுண்ணாம்பும் அடிச்சு வெச்சிருக்கறே, வந்தவங்களுக்குச் செலவு மிச்சம்."

தெருவே சிரித்தது. வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"அகலமாப் பாக்கற கண்ணாடி கிட்ட இருக்கறதையும் தூரத்துக்குத் தள்ளிப்புடுதுங்க" என்றார் அந்த அம்மாள் என்னிடம். "கட்டடம் காட்ட இது நல்ல சாமான். இங்க காட்ட வேண்டியது கட்டடம் இல்லீங்களே." பிறகு வீட்டுக்காரரின் மனைவி பக்கம் திரும்பினார். "அம்மிணி, வெளியில கெடக்கறதையெல்லாம் உள்ளார கொண்டாங்க. எது எங்க இருந்துச்சோ அங்கயே வெய்யுங்க."

மனைவி அசையவில்லை. "முடியாதுங்க அக்கா. பீத்தப் பாயும் கரிப் பானையும் படத்துல ஏறித் தாலுக்காக் கச்சேரிக்குப் போகோணுமா? அதிகாரி பாத்துட்டு, இவளுக்குக் குடித்தனம் பண்ணத் தெரியலைன்னு சொல்லமாட்டாருங்களா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாள் கையால் தடுத்தார். "சரி அம்மிணி. நீங்க வந்து ஒருக்கா பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் துணிக்குள் தலையை விட்டாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் வெளியே வரவில்லை. மூலையில் நின்றிருந்த மாமியார், "என்னடி தெரியுது?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அவள் வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தா பெரிய ஊடு இருந்தா, நானு எதுக்கு அத்தை கால்மாட்டுல படுத்துப் புள்ளை பெத்தேன்?" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. நேரே தெருவுக்குப் போய்ப் பாய்ச் சுருட்டைத் தூக்கினாள்.

அரை மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டன. தறிச் சட்டங்களைப் பூட்டினார்கள். முந்தின நாள்தான் பாவு நெய்து முடிந்திருந்ததால் தறி வெறுமையாக இருந்தது. தூளியைத் தறிக்கு மேலே விட்டத்தில் கட்டினார்கள். ஒன்பது பேரும் அவரவர் இடத்துக்குப் போனபோது, மூலையில் இருந்த முக்காலிக்கு இடமில்லை. அதைக் கண்டுதான் அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார்.

லென்ஸை மாற்றினார். சாதாரண அகலக் கோண லென்ஸுக்குப் பின்வாங்க இடம் வேண்டும். ஒற்றைக் கதவைச் சுழல் குடுமியோடு தூக்கிக் கழற்றச் செய்து, முக்காலியின் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளேயும் மற்ற இரண்டைத் தெருவிலும் ஊன்றினார். ஒரு கால் சாக்கடைக்கு நேராக வந்தது. அதற்கு அம்மிக்கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். வெளிச்சத்துக்கு மத்தாப்புப் பொடி கொளுத்தலாமா என்று கேட்டேன். நூல் இருக்கிற வீட்டில் தீ கூடாது என்றார். கூரையேறத் தெரிந்தவர்கள் தெருவில் நிறையப் பேர். அவர் விரல் காட்டிய இடத்தில் ஏழு ஓடுகளை எடுத்தார்கள். ராத்திரி அடித்த சுண்ணாம்பு அந்த வெளிச்சத்தை வாங்கி அறை முழுக்கப் பரப்பியது.

அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்து, ஒன்று தறியிலும் ஒன்று சுவரிலும் படும்படி நின்றால் இடத்தின் அளவு விளங்கும் என்றேன்.

"அப்படி யாருங்க ஊட்டுக்குள்ள நிக்கறாங்க?" என்றார் அந்த அம்மாள். "தெனமும் எப்படி இருப்பாங்களோ அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்காரர் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி மனைவியின் ராட்டை. ராட்டைக்குப் பின்னால் மாமியார் சுவரோடு ஒட்டி, கோழிக்கூடையை மடியருகே வைத்துக்கொண்டு. அடுப்புக்கும் தறிக்கும் நடுவே மற்றவர்கள். கண்ணாடியில் பார்த்தேன். யார் கையும் இன்னொருவர் மேல் படாமல் நீள வழியில்லை. கூரையின் உச்சி படத்தில் இல்லை. வலப்பக்கச் சுவரின் முன்பாதி இல்லை. அவை இல்லாதது எனக்குத் தெரியவும் இல்லை. கண் போன இடமெல்லாம் மனிதர்கள் இருந்தார்கள். ஒரு லென்ஸ் எதை உள்ளே இழுக்கும் என்பதை மட்டுமே நான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். எதை வெளியே விடலாம் என்பதை அந்த அம்மாள் கணக்குப் பண்ணியிருந்தார்.

"மூச்சு உடலாம். அசையக் கூடாது. ஆத்தா, தூளியைப் புடிச்சுக்குங்க" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார். மனதுக்குள் எண்ணி, மூடினார். ஒரு கண்ணாடிப் பிளேட். நிச்சயத்துக்காக இன்னொன்று. இரண்டாவதில் குழந்தை புரண்டுவிட்டது என்று பிறகு சொன்னார். முதலாவதே போதுமானதாக இருந்தது.

நட்சத்திரத் தகடு வைத்த லென்ஸை மறுவாரம் அஸ்தம்பட்டியில் திருப்பிக் கொடுத்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன். "அழகான சாமானுங்க. கோயில் மண்டபம் எடுக்கறவங்க யாராச்சும் வாங்கட்டும்" என்றார்.

விசாரணையன்று நான் தாலுக்காக் கச்சேரியில் இருந்தேன். அதிகாரி மனுவைப் படிக்கவில்லை. படத்தைக் கையில் வாங்கி, பென்சில் முனையால் தலைகளை எண்ணினார். எட்டு வந்தது. மறுபடி எண்ணினார். சங்கத் தலைவர் எழுந்து, "தூளியை உட்டுட்டீங்க எசமான்" என்றார். அதிகாரி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அந்த அறையின் அளவைக் கேட்டார். சொன்னார்கள். தறியின் அளவைக் கேட்டார். அதையும் சொன்னார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டார்.

ஊருக்கு மேற்கே மனைகள் அளந்து கல் நட்டபோது அந்த வீட்டுக்காரருக்கு இரண்டாவது வரிசையில் ஒன்று கிடைத்தது. முதலில் அவர் கட்டியது தறிக்கு ஒரு கூடம். வீடு எழும்ப மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை பழைய அறையில், தூளிக்கு வந்த புதுக் குழந்தையோடு, பத்துப் பேர் படுத்தார்கள்.